குத்தூசியால் திறந்த பாட்டில்

அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். விழுங்குவது இன்னும் நாலைந்து நாளைக்குத்தான், அதற்குள் பிடித்ததையெல்லாம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லித் தஞ்சாவூர் டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பூதலூர் வீட்டுக் கட்டிலில் சாய்த்ததும் அண்ணி கேட்டார்.

"என்னங்க வேணும், சொல்லுங்க."

ரசம் சாதம் என்பார், அல்வா என்பார் என்று காத்திருந்தோம். அண்ணன் பீரோவைக் காட்டினார்.

உள்ளே ஒரு ஒயின் பாட்டில் இருந்தது. அண்ணன் இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டு ஓட்டலில் சர்வராக இருந்தவர். ஊருக்குக் கிளம்பிய அன்று முதலாளி கொடுத்தது. சாய்ந்தால் ஒழுகிவிடும் என்று அண்ணி அதைப் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் ஆறு வருஷமாக நேராக நிறுத்தி, வெள்ளிக்கிழமைதோறும் துடைத்தும் வைத்திருந்தார். அண்ணன் நாலு மா நிலத்தில் நெல் போட்டார். ஒவ்வொரு அறுப்புக்கும் "இந்தத் தடவை தொறக்கலாம்" என்பார். ஒரு வருஷம் தண்ணீர் வரவில்லை, மறுவருஷம் மழை நிற்கவில்லை. திறக்கவில்லை.

"தொறக்கத் தெரியுமா தம்பி?" என்றார் அண்ணி.

"ஒரு பாட்டிலத் தொறக்க ஐடிஐ படிக்கணுமா அண்ணி?"

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அப்பா இறந்த அன்று பாடை கட்ட வந்தவரிடம் நான் சொன்ன ஜோக்கைச் சொந்தக்காரர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. நம் ஊர்க் கடைகளில் விற்பதெல்லாம் திருகு மூடி. மொடாக்குடியனாகவே வாழ்ந்திருந்தாலும் எனக்குத் தக்கை பிடுங்கிய அனுபவம் கிடைத்திருக்காது. ஸ்க்ரூ டிரைவர், குறடு, கோணி ஊசி எல்லாவற்றையும் கட்டில் ஓரத்தில் ஆபரேஷனுக்குப் பரப்புவதுபோலப் பரப்பினேன். அண்ணன் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அதெல்லாம் இல்லடா. மடக்குக் கத்தி மாதிரி இருக்கும். நடுவுல ஒரு சுருள். கூட வேலை பாத்தவன்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். அது இல்லாமத் தொடாத."

தொட்டேன். டாக்டர் சொன்ன நாட்களை நான் மணிக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் நெல் வியாபாரி. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் நெல்லைப் பார்க்க எங்களிடம் குத்தூசி உண்டு. கூர் நுனியும் முதுகில் பள்ளமுமாக ஒரு சாண் இரும்பு. குத்தி இழுத்தால் கொஞ்சம் நெல் கூடவே வரும். இத்தனை வருஷத்தில் எந்த மூட்டையிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பாத ஆயுதம், தக்கையிடம் மட்டும் தோற்குமா என்று குத்தினேன்.

காய்ந்துபோன தக்கை, புட்டு மாதிரி உதிர்ந்தது. பாதி குத்தூசியோடு வந்தது. பழக்கதோஷம், அதை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். மீதி, பாட்டிலுக்குள் விழுந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணி டீ வடிகட்டியால் வடித்து, எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தார். அண்ணன் அதை வாங்கி மூக்கருகே வைத்தார். உடனே இறக்கினார்.

"திருப்பி அனுப்பு."

ஓட்டலுக்குச் சாப்பிட வந்தவர் முகர்ந்து பார்த்து வேண்டாம் என்றால் சர்வர் மறுபேச்சில்லாமல் எடுத்துப் போக வேண்டுமாம். நானும் எடுத்துப் போய்க் கொல்லையில் கொட்டினேன். புளித்த காடி வாசனை. திரும்பி வந்தபோது அண்ணி அடுப்படியில் இருந்தார். அண்ணன் என்னைக் குனியச் சொன்னார்.

"நீ குத்துனதால இல்லடா. நிக்க வச்சா தக்கை காஞ்சு காத்து பூந்துரும். படுக்க வச்சிருக்கணும். அவகிட்ட சொல்லிடாத."

சொல்லவில்லை. அண்ணி நான் எழுதுவதைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் விடிந்ததும் காரைக்காலுக்கு பஸ் ஏறினேன். அங்கேதான் தக்கை போட்ட பாட்டில் கிடைக்கும் என்றார்கள். கடைக்காரர் இரண்டு திறப்பான்களை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு இரண்டு கைகள். திருகத் திருக, போலீஸைப் பார்த்தவன்போலக் கையைத் தூக்கியது.

"இத எடுத்துக்குங்க சார். யார் வேணாலும் தொறக்கலாம்."

அந்த 'யார் வேணாலும்' நான்தான். ஆனாலும் மடக்குக் கத்தி மாதிரி இருந்த மற்றதை எடுத்தேன். என் கைக்கு அது தெரியாது, அண்ணன் கைக்குத் தெரியும்.

"கெட்டுப்போகாத பாட்டிலா குடுங்க."

"இன்னைக்கே குடிச்சா எதுவும் கெடாது சார்."

வீடு வந்தபோது மணி நாலு. வாசலிலேயே அண்ணி சொன்னார்.

"காலையில கஞ்சி குடுத்தேன் தம்பி. மூக்கு வழியா வந்துடுச்சு. இனிமே வாய்வழியா ஒண்ணும் வேணாம்னு வந்து பாத்த நர்ஸ் சொல்லிட்டாங்க."

பையோடு நின்றேன். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

உள்ளே போனதும் அண்ணன் கையை நீட்டினார். திறப்பானை வைத்தேன். கட்டைவிரல் நகத்தால் சின்னக் கத்தியை விரித்து, பாட்டில் கழுத்தில் இருந்த தாளைச் சுற்றி அறுத்தார். சுருளை நடுவில் வைத்துத் திருகினார். நெம்பும்போது பலம் தீர்ந்துவிட்டது. என் கையை இழுத்துத் தன் கைக்குக் கீழே வைத்துக்கொண்டார். சேர்ந்து தூக்கினோம். தக்கை முழுசாக வந்தது.

டம்ளரில் ரெண்டு விரற்கடை ஊற்றினேன். வெகுநேரம் முகர்ந்தார். சரியென்று தலையாட்டினார். குடிக்கக் கேட்டால் என்ன செய்வது? அவர் டம்ளரை அண்ணி பக்கம் நகர்த்தினார்.

"எனக்கா? யாராவது வந்துடப் போறாங்க" என்று வாசலைப் பார்த்தார் அண்ணி. பிறகு முந்தானையால் டம்ளரை மறைத்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தார்.

"கஷாயம் மாதிரி இருக்குங்க. பின்னாடி கொஞ்சம் நாவப்பழ வாசனை வருது."

அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தேன். அதைத் தள்ளிவிட்டு டம்ளரைக் காட்டினார். அண்ணி டம்ளரை நீட்டினார், மறுபடி ஊற்றினேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து, சொட்டு சிந்தாதபடி லேசாகத் திருப்பிவிட்டார்.