நல்ல இலக்கம்

கொட்டாஞ்சேனையில் நான் தாதியாக வேலை செய்த கிளினிக்கில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஏசுகிற மிஸ். அநியாயமாக வைத்த பெயர் என்று சொல்லமாட்டேன். சீனி வருத்தக்காரர்கள், நீரிழிவு நோயாளிகள்தான், காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்காருவார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பேன். மெஷின் இருநூறைத் தாண்டிக் காட்டினால் என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது, முழு வரிசைக்கும் கேட்கத்தான் ஏசுவேன். இலக்கம் நன்றாக இருந்தால் அதையும் முழு வரிசைக்கும் கேட்கச் சொல்வேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று எனக்கு நானே நியாயமும் வைத்திருந்தேன்.

அந்த அக்காவும் முதல் மாதம் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். மலையகத்திலிருந்து இளவயதில் கொழும்புக்கு வந்தவர். வெள்ளவத்தை ஃப்ளாட்களில் வீடு வீடாகப் போய்ச் சமைப்பார். நான் ஏச ஏச, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் நூற்றுப் பத்து. அதற்கடுத்த மாதம் நூற்று ஐந்து. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இலக்கங்களை எழுதிவைக்கும் அவருடைய கிளினிக் கொப்பியைத் தூக்கிக் காட்டி, "இந்த அக்காவைப் பாருங்கோ, நாலு வீட்டில சமைக்கிறவ. அவவுக்கு ஏலுமெண்டா உங்களுக்கு ஏன் ஏலாது?" என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

இரண்டு வருடம் இப்படியே போனது. கடந்த மூன்று மாதச் சீனியையும் சேர்த்துக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதற்குச் சிலரைத்தான் அனுப்ப முடியும் என்பதால் கெட்ட இலக்கக்காரர்களை அனுப்பினேன். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதம் பார்ப்பதும் அவர்களுக்குத்தான். நல்ல இலக்கக்காரர்கள் உடனே போகலாம். அது நான் கொடுத்த பரிசு. பாவம், வேலைக்கு நேரத்துக்குப் போகவேண்டுமே என்று அந்த அக்காவை முதல் ஆளாக அனுப்பிவிடுவேன். ஒரு நாளாவது குனிந்து அவர் பாதத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு கிளினிக் நாள் அவருக்குப் பதிலாக மகள் கொப்பியோடு வந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் என்றாள். குதிக்காலில் புண் வந்து, கால் மரத்துக் கிடந்ததால் வலி தெரியாமல், அழுகி மணக்கத் தொடங்கிய பிறகுதான் கண்டிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாயிற்று. நான் கொப்பியைப் புரட்டிக் காட்டி, இவ்வளவு நல்ல சீனிக்கு இது எப்படி என்று அவளிடமே கேட்டேன், குற்றம் அவளுடையது என்பதுபோல.

"கிளினிக்குக்கு மூணு நாளைக்கு முன்னாடிதான் மிஸ் அம்மா பத்தியம் இருப்பாங்க," என்றாள், என்னைப் பார்க்காமல். "அப்பதான் மாத்திரையும் ஒழுங்கா போடுவாங்க. மத்த நாளு வேல செய்ற வீட்டுல மிஞ்சின சோறுதான். அவங்க ஊத்திக் குடுக்குற பால் டீய வேணாம்னு அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. மிஸ் ஏசுவீங்கன்னு பயம்."

மூன்று நாள் பத்தியம் எந்தக் கொப்பியையும் அழகாக்கும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். என் ஏச்சு பலிக்கிறது என்று நம்பத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. இப்போது யார் வந்தாலும் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என்னைக் கண்டதும் அவர் அவசரமாகப் போர்வையை இழுத்துக் கால்மாட்டை மூடினார். காலை இழந்து கிடக்கும்போதும் என் ஏச்சுக்குப் பயந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஒரு தடவையாவது என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே அக்கா என்று கேட்டேன்.

அவர் போர்வையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முப்பது வருசமா சமைக்கிறேன் மிஸ். நல்லா செஞ்சேன்னு யாரும் சொன்னதில்ல. நீங்க ஒருத்தங்கதான் சொன்னீங்க."

சொல்லிவிட்டு என் கையைத் தடவிக்கொடுத்தார். அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.