நடந்ததை மட்டும் எழுதுகிறவர்

முதியோர் இல்லத்து வாசலில் காருக்குள் உட்கார்ந்து, சாவியைச் செருகியும் திருப்பாமல் எழுதிக்கொண்டிருப்பார் நோலீன். மடியில் குறிப்பேடு, பல்லிடுக்கில் பேனா மூடி. உள்ளே அம்மாவைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்திருப்பார். சூடு ஆறுமுன் தாளில் இறக்கிவிட வேண்டும். பின்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்றாலும் அந்த வாக்கியம் முடியாமல் கார் நகராது.

வயது அறுபத்து நான்கு. பர்னி நகரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் வருகைப் பதிவேடு பார்த்தவர். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டுப் பழகிய முகம். ஓய்வுபெற்ற பிறகு எழுத வந்தார். அப்பாவின் மறதி, தம்பியின் புற்றுநோய், கணவர் போன பிறகும் பாதி காலியாகவே விட்டு வைத்த அலமாரி, எல்லாம் அச்சேறிவிட்டன. அந்த வீட்டில் இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு கட்டுரை உண்டு. உயிரோடு இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் மதிய விருந்தில் இவர் கார் வந்து நின்றதும் தம்பி மனைவி இறால் தட்டை வைத்துவிட்டுச் சொல்வாராம்: "நோலீன் வந்தாச்சு. வாயை மூடிக்கங்க. இல்லேன்னா மார்ச் மாசம் பத்திரிகைல வந்துருவீங்க." இதையும் நோலீன் எழுதியிருக்கிறார்.

அவரிடம் இரண்டு கோப்புகள். ஒன்றின் மேல் 'கதை', மற்றொன்றின் மேல் 'நடந்தது'. ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குள் போகவே கூடாது. புதன்கிழமைகளில் நூலகத்துப் பின்னறையில் எழுதுகிறவர்கள் எட்டுப் பேர் கூடுவோம். நான் நூலகத்தில் வேலை பார்ப்பதால் கதவைத் திறந்து கெட்டிலில் தண்ணீர் வைப்பதும் நான்தான். என் கவிதைகள் எட்டு வரியைத் தாண்டாது. "நல்லாருக்கு ரோவன். ஆனா இதுல யாரு செத்தான்னு தெரியலையே," என்பார் நோலீன்.

ஒருமுறை ராஸ் தன் மனைவியின் கடைசி நாளைப் பற்றி வாசித்தார். சரக்கு ரயில் ஓட்டியவர், பெரிய உருவம். வாசித்து முடித்ததும் முதலில் நோலீன்தான் கேட்டார்.

"கடைசில உங்க கையை அழுத்தினாங்கன்னு எழுதிருக்கீங்களே. அழுத்தினாங்களா?"

ராஸ் யோசித்தார். "அழுத்தின மாதிரிதான் இருந்துச்சு."

"மாதிரியா? அப்ப மேல கதைன்னு போட்டுருங்க, ராஸ். படிக்கிறவங்களை ஏமாத்தக் கூடாது."

ராஸ் பென்சிலை எடுத்துத் தலைப்புக்கு மேல் 'கதை' என்று எழுதினார். அன்று பிஸ்கட் தட்டு வந்தபோது அவர் எடுக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் நோலீன் தன் அம்மா எல்வாவைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்தில் எல்வா தன்னையறியாமல் நாற்காலியை நனைத்துவிட்டதும், மகள் அதன் மெத்தையைத் திருப்பிப் போட்டு மறைத்ததும் அதில் வரும். எல்லாம் நடந்தவை. முதியோர் இல்லத்தில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் கெய்லீன் பத்திரிகையைப் பார்த்துப் பூரித்துப்போனார். எல்வாவுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து, காலைத் தேநீர் நேரத்தில் முப்பது பேர் முன்னால் சத்தமாக வாசித்தார். நாற்காலி வரும் இடத்தில்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. பாதியில் நிறுத்தவும் தெரியவில்லை. கடைசி வரி வரை எல்வா தட்டிலிருந்த ஸ்கோன் ரொட்டியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்றிலிருந்து மகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நோலீன் வாரம் மூன்று நாள் போகிறார். வேறெதுவும் வேண்டாம், அம்மா ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று கெட்டில் கொதிக்கும்போது ஒருநாள் என்னிடம் சொன்னார். "திட்டினாலும் சரிதான்."

என்னிடம் எல்வா நன்றாகவே பேசுவார். வியாழக்கிழமைகளில் பெரிய எழுத்துப் புத்தகங்களை அங்கே கொண்டுபோவது என் வேலை.

"கொலை இருக்கா, தம்பி?"

"ரெண்டு இருக்கு."

"போன வாரமும் ரெண்டுன்னுதான் சொன்ன. ஒருத்தன் மாடிப்படில தவறி விழுந்து செத்தான். அதெல்லாம் கொலைல சேத்தியா?"

போன வியாழக்கிழமை இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நோலீன் உள்ளே வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் நிற்பதைப் பார்த்தும் கட்டிலருகே மண்டியிட்டார்.

"அம்மா, நான் அதை எழுதிருக்கக் கூடாது. தப்புதான். ஏதாவது சொல்லும்மா."

எல்வா காதுக் கருவிகளைக் கம்மல் கழற்றுவதுபோல ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு மகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அடுத்த தடவை கொஞ்சம் கூடுதலா கொல்ற ஆளாப் பாத்துக் கொண்டா."

பத்து நிமிடம் அப்படியே இருந்துவிட்டு நோலீன் எழுந்து போனார். எல்வா கருவிகளை மாட்டிக்கொண்டார்.

"போயிட்டாளா?"

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். "கார் நிக்குது."

"எழுதுவா," என்று சொல்லிப் புத்தகத்தைத் திறந்தார்.

இந்தப் புதன்கிழமை நோலீன் புதுக் கட்டுரையோடு வந்தார். ஆளுக்கொரு நகல் கொடுத்தார். தலைப்புக்கு மேல் 'நடந்தது' என்று இருந்தது. கட்டிலருகே மண்டியிட்ட மகள் அதிலும் இருந்தாள். காதுக் கருவிகளும் இருந்தன. ஆனால் அதில் வரும் அம்மா அவற்றைத் தானே எடுத்து மாட்டிக்கொள்கிறாள். "உக்காரு. நீ எழுதினதை உன் வாயாலயே படி, கேக்கறேன்," என்கிறாள். மகள் படிக்கிறாள். நாற்காலி வரும் இடத்தில் இருவரும் சிரிக்கிறார்கள். நோலீனின் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

ராஸ் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "நடந்ததை நடந்தபடி சொன்னா போதும், இல்ல?" என்றார் நனைந்த குரலில். "இட்டுக்கட்டினா இது வராது."

வாசிப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் அவரவர் நகலில் கருத்து எழுதித் தருவது எங்கள் வழக்கம். எல்லோரும் குனிந்தார்கள். நானும் பென்சிலைத் தாள்மேல் வைத்தேன். வைத்தபடியே இருந்தேன்.

நோலீன் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். இடது கையை என் தோள்மேல் மெல்ல வைத்தார். வலது கையால் என் பென்சிலுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை உருவினார். தாளின் விளிம்புவரை ஒரு கோடு இழுபட்டது.