சவுதிக்குப் போன இரசாயனவியல் பாடம்

கடந்த வியாழக்கிழமை கல்முனை சந்தையில் மீன்காரரிடம், "நல்ல மீனாப் பாத்துத் தாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்:

"சேர், வலப்பக்கம் ஒட்சிசன் ஒண்டு குறையுது!"

திடுக்கிட்டுத் திரும்பினேன். முன்பின் பார்த்திராத மனிதர். நாற்பத்தைந்து வயதிருக்கும். புதுச் சேர்ட், முகமெல்லாம் சிரிப்பு. மீன் வாங்கப் போன இடத்தில் யாராவது இரசாயனச் சமன்பாடு சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் ஸலாம் சொன்னேன்.

"வஅலைக்குமுஸ்ஸலாம். சேருக்கு என்னத் தெரியா. ஆனா சேர்ட குரல் எனக்கு நல்லாத் தெரியும். நான் பரீதாட வாப்பா. சவுதியில இரிந்து லீவுல வந்திரிக்கன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏனென்று சொல்ல வேண்டுமானால் ஆறு மாதம் பின்னால் போக வேண்டும்...

பரீதா என்னுடைய உயர்தர இரசாயனவியல் வகுப்பு மாணவி. ஒருநாள் வாப்பா அனுப்பிய டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டாள். பாடத்தைப் பதிவுசெய்ய வேண்டுமாம். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்கலாமாம்.

இந்த மெஷின்களோடு எனக்கு ஏற்கெனவே சண்டை. மணிக்கு மணி 'பீப்' என்று கத்தும் டிஜிட்டல் கைக்கடிகாரங்கள் மூன்று, கல்குலேட்டர் ஒன்று, மணி காட்டும் பேனை ஒன்று — எல்லாம் வளைகுடாவிலிருந்து வந்தவை — பறிமுதலாகி என் மேசை லாச்சிக்குள் கிடந்தன. இதையும் உள்ளே போட்டிருப்பேன். லாச்சியில் இடம் போதவில்லை!

பாடசாலை அதிபர்தான் அதைக் காப்பாற்றினார். "தமிழில ஒழுங்கான புத்தகம் ஒண்டில்ல. புள்ளைகள் உங்கட வாயத்தான் பாத்துக்கொண்டு இரிக்கிதுகள். ரெக்கோட் பண்ணட்டுமே" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அன்றைக்கே மாட்டிக்கொண்டேன். கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதினேன். பரீதா எழுந்தாள்.

"சேர், வலப்பக்கம் ஒட்சிசன் ஒண்டு குறையுது."

"இல்ல புள்ள, சரியாத்தான் இரிக்கி."

"இல்ல சேர், எண்ணிப் பாருங்க."

மூன்று தரம் மறுத்தேன். மூன்று தரமும் அவள் உட்காரவில்லை. கடைசியில் எண்ணிப் பார்த்தேன்... குறைந்துதான் இருந்தது. "ஓம் புள்ள, எண்ட பிழைதான்" என்று அழித்து எழுதினேன். மெஷினின் சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த கிழமை, வராத இரண்டு பேருக்காக அந்தப் பாடத்தைப் போட்டுக் காட்டும்படி சொன்னேன். பரீதா கசட்டைப் போட்டாள். என் குரல் வரவில்லை. ஒரு பெண்ணின் குரல்:

"அஸ்ஸலாமு அலைக்கும், மகள்ட வாப்பா. அல்லாட உதவியால நாங்க எல்லாரும் நல்லா இரிக்கம். நீங்க போன கசட்டில சொன்ன மாதிரியே புள்ளய இந்தத் தவணையோட நிப்பாட்டுறன். கலியாணத்துக்கு..."

பாய்ந்து போய் ஒரு பட்டனை அமுக்கினேன். அது சத்தத்தைக் கூட்டும் பட்டன். அடுத்ததைத் தேடிப் பிடிப்பதற்குள் வகுப்பே கேட்டுவிட்டது. தன் படிப்பு நிற்கப் போகிறது என்ற செய்தியைப் பரீதா அந்த நிமிடத்தில்தான் முதன்முதலாகக் கேட்டாள். மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடிதமானாலும் கொப்பியானாலும் தலையில் பிஸ்மிக்கு அடையாளமாக 786 போடாமல் நமக்குக் கை ஓடாது. உம்மாவுக்கு எழுத்து வாசிப்பு இல்லை. வாப்பாவுக்குப் பேசி அனுப்பும் கசட்டில் மகள் 786 எழுதிக் கொடுப்பாள். அதுதான் அவருக்கு அடையாளம். அதே கை, பாடக் கசட்டிலும் 786 போட்டிருந்தது. அதற்குக் கீழே 'இரசாயனவியல்' என்று எழுதத்தான் மறந்துவிட்டது. சவுதிக்குப் புறப்பட்ட ஒருவர் அவசரமாக வாசலில் நிற்க, உம்மா 786ஐப் பார்த்துக் கையில் பட்டதைக் கொடுத்தனுப்பிவிட்டார். போனது என் பாடம்.

சரியான கசட்டைக் கொடுத்தனுப்ப அடுத்த ஆள் போக இரண்டு மாதம். தபாலில் கடிதம் போடலாம்தான். ஆனால் அந்த வீட்டில் உம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது பரீதா. தன்னை நிறுத்துவதாக அவளே எழுதுவாளா?

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த வீட்டுக்குப் போய்க் கதைத்திருக்க வேண்டும். போகவில்லை. போகாததற்கு ஆயிரம் நியாயம் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளையின் படிப்பைவிட, என் பிழை கடல் கடந்து போய் அங்கே நம் ஊர் ஆட்கள் சிரிப்பார்களே என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. வெட்கம்தான். அடுத்த தவணை பரீதா வழமைபோல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். எப்படி என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் கதையைத்தான் கடந்த வியாழன் மீன் வாடைக்கு நடுவே பரீதாவின் வாப்பா சொன்னார்.

"ரூமில நாங்க ஆறு பேர் சேர். கசட் வந்தா எல்லாருமாச் சுத்தி இரிந்து கேப்பம். பொஞ்சாதிட ஸலாம் வரும் எண்டு பாத்தா, சேர் வந்து 'எல்லாரும் கொப்பிய எடுங்க' எண்டீங்க!"

நானும் சிரித்தேன். அவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"நான் போகக்குள்ள அவளுக்கு ஒன்பது வயசு. கசட்டில ஸலாம் சொல்லிப்போட்டு வெக்கத்தில ஓடிருவா. அவ்வளவுதான் நான் கேட்ட குரல். அந்தப் புள்ள சேரோட நிண்டு கதைக்கிறா... சேர் மூணு தரம் இல்ல எண்டீங்க, அவ விடல்ல. மறுகா சேர் 'எண்ட பிழைதான்' எண்டீங்க. நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவன். ஒரு வாத்தியார் அப்பிடிச் சொல்லி எண்ட சீவியத்தில கேட்டதில்ல. சேரையே திருத்துற புள்ளய நிப்பாட்ட நான் ஆரு? அண்டைக்கே கடிதம் போட்டன், படிக்கட்டும் எண்டு."

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான். பிழையையும் மெஷினையும் வைத்து ஒரு பிள்ளையின் பாதையைத் திறந்துவிட்ட இறைவனுக்கே எல்லாப் புகழும்.

எனக்குத் தெரிந்தவரை சரியாகப் படிப்பித்த பாடங்கள் ஏராளம். அதற்கெல்லாம் இதுவரை ஒருவரும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னதில்லை!