வரிசையில் ஒரு அடி முன்னால்

நான் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. என்னைப் போன்றவள் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போலீஸ்காரரைக் கண்டு பயந்தவர்கள் கதை ஊரெல்லாம் இருக்கிறது. போலீஸ்காரர் வீட்டில் இருந்த பயத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் கணவர் கான்ஸ்டபிள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் போலீஸ் லைனில் குடியிருந்தோம். ஓடு போட்ட ஒற்றை அறை வீடுகள், ஒன்றையொன்று ஒட்டினாற்போல. ஆற்றுப்பக்கமிருந்து காற்று திரும்பினால் தோல் பதனிடும் டேனரி நாற்றம் சோற்றுத் தட்டு வரை வரும். எனக்கு அப்போது நிறைமாதம். வேலை போனால் வீடும் கூடவே போகும் என்பது லைனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் வரிசையில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கியபோது அவர் மனைவி கொதிக்கிற உலையை அப்படியே கவிழ்த்துவிட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைத்தாள். அந்த ஈர அடுப்பு பல நாள் என் கண்ணிலேயே நின்றது.

அந்த வருஷம் டேனரி ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டில் லத்தியோடு நிற்க என் கணவரைப் போட்டார்கள். கடைசியில் லேபர் ஆபீசர் வந்து, முதலாளிகளையும் சங்கத்தாரையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒப்பந்தம் போட்டுக்கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் காலில் சுற்றிய பட்டியைக்கூட அவிழ்க்கவில்லை.

"நாற்காலில குந்திக்கினு பேசி முடிச்சாங்க. வாரத்துக்கு ஒரு நாளு லீவு, கண்டிப்பா. நான் வெயில்ல நின்னு அதுக்குக் காவலு. எனக்கு எப்போ லீவுன்னு யாரைக் கேக்கறது?"

"யாரையும் கேக்காதீங்க," என்றேன்.



போலீஸ்காரர் சங்கம் வைக்கக் கூடாது, கூட்டம் போடக் கூடாது, கூட்டாக எதையும் கேட்கக் கூடாது. ராத்திரி பாரா நின்று காவல் முடித்து வந்தவரைக் காலையில் அதிகாரி வீட்டுக்கு ஆர்டர்லி வேலைக்கு அனுப்புவார்கள். தண்ணீர் இறைக்கவேண்டும், எருமை குளிப்பாட்டவேண்டும். தூங்காத கண்ணோடு மறுபடி பாரா. இதை எங்கே போய்ச் சொல்வது?

ஆனால் பரேடுக்கு முந்தின நாள் லைனுக்கு நாவிதர் வருவார். எல்லோரும் முடி வெட்டிக்கொள்ள வேப்பமரத்தடியில் காத்திருப்பார்கள். அது கூட்டம் ஆகாது. அங்கேதான் அவர்கள் பேசி முடிவு செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா எனக்குச் சொன்னாள். அவளும் கான்ஸ்டபிள் மனைவி. வீட்டில் உருது, என்னிடம் தமிழ்.

ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி பரேடு பார்க்க வரும்போதெல்லாம் முடிவில், "யாருக்காவது குறை உண்டா?" என்று கேட்பார். கேட்பது வழக்கம், யாரும் அசையாமல் நிற்பதும் வழக்கம். இந்தத் தடவை கேட்டதும் எல்லோரும் சேர்ந்து ஒரு அடி முன்னால் வைப்பது. எல்லோரும் வைத்தால் தலைவன் என்று யாரையும் பிடிக்க முடியாது.

"உன் வூட்டுக்காரரு கொக்கு மாரி உசரம். அவரு எடுத்து வச்சா ஒரு அடி ரெண்டு அடி ஆயிடும்," என்று சிரித்தாள்.

"அக்கா, எனக்கு பயமா இருக்குது."

"எனக்கு மட்டும் இன்னா? காலைலேர்ந்து மூணு தபா உப்பு போட்டுட்டேன் குழம்புல. ஜாஸ்தியா பயந்தா புள்ளைக்கு ஆவாது, போய் படு."

பரேடு அன்று நாங்கள் இரண்டு பேரும் பரேடு மைதானத்தை ஒட்டிய குழாயடிச் சுவருக்குப் பின்னால் குடத்தோடு நின்றோம். தண்ணீர் வராத நேரம் அது. அதிகாரி வரிசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எதிரில் வந்து நின்றார். கேட்டார்.

என் கணவர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

வேறு யாரும் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மாவின் கணவரும் அசையவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி தளர்ந்தது. வரிசையின் வலது ஓரத்தில் அவர் மட்டும் தனியாக, எல்லோரையும்விட உயரமாகத் தெரிந்தார். நான் மனதுக்குள் பானைகளை எண்ணத் தொடங்கிவிட்டேன், எதை முதலில் வெளியே எடுப்பது என்று.

டிரில் சொல்லித்தரும் ஏட்டய்யாவுக்கு உதறல் எடுத்துவிட்டது. பெரிய அதிகாரி முன்னால் வரிசை கோணலாக நிற்கிறது. வாயில் பழக்கமானது வந்தது. "ரைட் டிரஸ்!" என்று கத்தினார்.

கோணல் வரிசையை நேராக்கும் கட்டளை அது. அதைக் கேட்டால் வலது ஓரத்து ஆள் மட்டும் அசையமாட்டார். மற்றவர்கள் தலையை அவர் பக்கம் திருப்பி, சின்னச் சின்ன அடியாக நகர்ந்து, அவருக்கு நேராக வந்து நிற்கவேண்டும். யோசிக்காமல் செய்யும்படி பழக்கியிருந்தார்கள். யோசிக்காமலே செய்தார்கள். தடதடவென்று வரிசை முழுவதும் முன்னால் வந்து என் கணவரோடு நேராக நின்றது.

ஏட்டய்யா தலையில் கை வைக்காத குறை.

அதிகாரி வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு, "எல்லாருக்குமா குறை?" என்றார். இல்லை என்று சொல்லவும் யாருக்கும் நா எழவில்லை. என் கணவர்தான் பேசினார். வாரம் ஒரு நாள் ஓய்வு, பாரா முடித்தவருக்கு ஆர்டர்லி வேலை வேண்டாம், இரண்டே. சுவர் வரை கேட்டது அவர் குரல்.

"டேனரியில் போட்டார்களே, அந்த மாதிரி ஒப்பந்தம் வேண்டுமோ? எழுத்தில் ஒன்றும் தரமாட்டேன். சங்கம் என்று ஒருத்தன் வாயில் வந்தாலும் வேலை இருக்காது. யோசித்துச் சொல்கிறேன். கலையலாம்."

அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது.

சாயந்தரம் லைனில் ஒரு வீட்டிலும் குழந்தை அழும் சத்தம்கூட வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தோஸ்த், கால் எழும்பலடா. சத்தியமா எழும்பல."

"ஏட்டு எழுப்பிட்டாரு இல்ல, வுடு," என்றார் என் கணவர்.

"நாளைக்கு இன்னா ஆவும்?"

"தெரிஞ்சா இந்நேரம் தூங்கியிருப்பேன்."

சோறு போட்டேன்; பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம். ஸ்டேஷனிலிருந்து யாராவது வந்தால் சைக்கிளில்தான் வருவார்கள். குழந்தை உதைத்தது. அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். கை சில்லென்று இருந்தது.

மறுநாள், ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு என்று ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆர்டர்லி வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் கணவரை வாலாஜாபேட்டைக்கு மாற்றியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் வீட்டைக் காலி செய்து கொடுத்தோம்.