ஒரு போனுக்கு ஐந்து பேரின் காது

புளியங்குளத்தில் பஸ் ஏறினேன். முன் இருக்கை அக்காவின் போன் ஒலித்தது. நான் செய்த செயலியின் ஒலி! வயல் வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் முறை என்று சொல்வது. காசு கட்டிச் சேர்ந்தவர்கள் இதுவரை பதினொரு பேர்தான்.

அவர் நான்கு பேருக்கு அழைத்து அவரவர் நேரத்தைச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. "அவையளும் இதிலை சேரலாமே அக்கா?"

"ஏன் தங்கச்சி? தண்ணி பிந்தினால் வாய்க்காலடிக்குப் போய்ப் பார்த்துச் சொல்லுறது அவையள்தான். அவையள் சொல்லுறதை நான் இதுக்குள்ள பதியிறது மட்டும்தான்."

தொண்ணூறுகளில், போர்க்காலத் தடையால் பற்றரி கிடைக்காத நாட்களில், பக்கத்து வீட்டு றேடியோ சைக்கிள் டைனமோவில்தான் பாடும். செய்தி கேட்கப் போன நாங்கள் மாறி மாறி மிதிப்போம். வீட்டுக்காரர் காசு கேட்டதில்லை.

அடுத்த மாதம் தொடக்கம் ஒருவருக்கு அவரது முறையை மட்டும் காட்டுவது என்றிருந்தேன். அப்போதாவது மற்றவர்கள் சேருவார்கள் என்ற கணக்கு.

இப்போது கை வரவில்லை. மிதிக்கிறவர்களிடம் எப்படிக் காசு கேட்பது?

கேட்காவிட்டால், செயலி ஓடும் சேர்வரின் வாடகையை யார் மிதிப்பது? சொல்லுங்கோ பார்ப்பம்.