பன்னிரண்டு பேருக்குப் புள்ளி வைத்தேன்

உலக நீதிக்கு என்னால் முடிந்த கெடுதலைச் செய்தபோது எனக்கு எட்டு வயது. இடம், கொல்லிமலையில் வாழவந்தி நாட்டு எங்கள் வீடு. ஆயுதம், அடுப்புக்கரியும் செம்மண்ணும்.

போர் முடிந்த மறு வருசம். அம்மாவின் தம்பி, என் மாமா, மலேயா ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். அங்கிருந்து ஜப்பான்காரர்கள் அவரைச் சயாம் காட்டுக்கு ரயில்பாதை போட இழுத்துப் போக, பாதி உடம்போடு திரும்பி வந்திருந்தார். அவரோடு கப்பலேறிய, எங்கள் மலையிலேயே குண்டனி நாட்டைச் சேர்ந்த கூட்டாளி திரும்பவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் மாமா எழுந்து மிளகுக்கொடியைப் பார்க்கப் போய்விடுவார். அந்த வருசம் போல எங்கள் மிளகுக்கொடிகளை யாரும் எப்போதும் கவனித்ததில்லை.

ஒரு நாள் காலை அடிவாரத்திலிருந்து நடந்தே ஓர் ஆபீசர் ஏறி வந்தார். தமிழர்தான். கழுத்தில் கேமரா, கையில் தோல்பை. மூச்சு மட்டும் பாதி வழியிலேயே தங்கிவிட்டிருந்தது. அம்மா கொடுத்த கூழைக் குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சே வந்தது. சயாம் காட்டில் கூலிகளை அடித்துக் கொன்ற காவல்காரர்கள் மேல் சிங்கப்பூரில் வழக்கு நடக்கிறதாம். பிடிபட்டவர்களின் போட்டோக்களைப் பார்த்து, கூட்டாளியைக் கொன்றவன் யாரென்று மாமா காட்ட வேண்டுமாம்.

மலை மஞ்சில் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு போட்டோக்களை அவர் பிரித்துப் பாயில் காயவைத்தார். மாமா சாமைக் காட்டில் இருந்தார். அம்மா கூட்டிவரக் கிளம்ப, மலையையும் இரண்டு படம் பிடிக்கலாமென்று ஆபீசரும் கூடவே கிளம்பினார்.

“தொடக் கூடாது தம்பி. கோர்ட்டுக்குப் போற சாமான்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே கோர்ட்டு, மலைப் பெரியவர்களான நாட்டார் கூடும் பலாமரத்தடி. குற்றம் செய்தவன் முகத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊரைச் சுற்றி நடத்துவார்கள். மிளகு திருடிய ஒருவனுக்கு அப்படிக் குத்தியதைப் பார்த்திருந்தேன். ஒரு புள்ளியாவது நான் வைக்கிறேன் என்று அழுததற்கு அப்பா முதுகில் இரண்டு வைத்தார். இப்போது பாயில் பன்னிரண்டு கெட்டவர்கள் வரிசையாக, தடுக்க ஆளில்லாமல் படுத்திருந்தார்கள்.

கரியைத் தண்ணீரில் குழைத்தேன். செம்மண்ணைக் குழைத்தேன். வலக்கன்னத்தில் கருப்பு, இடக்கன்னத்தில் சிவப்பு, நெற்றியில் இரண்டும். பட்சபாதமே கிடையாது. பன்னிரண்டு பேருக்கும் தீர்ப்பு முடிந்து நிமிர்ந்தபோது வாசலுக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டது.

அப்போதுதான் நான் நீதிபதியிலிருந்து குற்றவாளியாக மாறினேன். எச்சிலைத் தொட்டு ஒருவனைத் துடைத்தேன். முகமே சிவந்து அவன் என்னைப் பார்த்துக் கோபப்படுவது போல இருந்தது. சிங்கப்பூருக்கு என்னையும் கப்பலில் ஏற்றுவார்கள், அங்கே கூழ் கிடைக்குமா என்றெல்லாம் ஓடியது. தானியம் போடும் மண்குதிர் காலியாக இருந்தது. உள்ளே குதித்தேன். அடியில் தானியம் எடுக்கும் ஓட்டைக்கு நேராக ஒரு கண்ணை வைத்துக்கொண்டேன்.

ஆபீசரின் கால்கள் பாயருகே வந்து நின்றன.

“ஐயோ! என்னம்மா இது? சாட்சிக்கு முன்னாலயே அடையாளம் போட்டு வெச்சா, நாங்களே சொல்லிக் கொடுத்தோம்னு எதிர் வக்கீல் கிழிச்சுருவானே!”

“எல்லாத்துக்குந்தானுங்களே வெச்சிருக்குது?” என்றாள் அம்மா. “ஒருத்தனைக் காட்டிக் குடுத்த மாதிரி இல்லீங்களே.”

ஆபீசர் யோசித்தார். அம்மா வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

மாமா பாயருகே உட்கார்ந்தார். ஒவ்வொரு போட்டோவாக எடுத்தார். துண்டின் நுனியை நனைத்து, காய்ச்சல்காரனுக்குத் துடைப்பது போலப் பைய முகத்தைத் துடைத்தார், பார்த்தார், வைத்தார். குதிருக்குள் எனக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டதில் அது காது வழியாகப் போனது.

ஏழாவது முகத்தைத் துடைத்த மாமா அதைக் கீழே வைக்கவில்லை.

“இவந்தானுங்க. மம்பட்டிக் கட்டையில அடிச்சான்.”

ஆபீசர் எழுதினார். “அடுத்து இருக்கிற ரெண்டு பேரும் அதே முகாம்தான். நல்லாப் பாருங்க. இவங்களும் அடிச்சாங்கன்னு சொன்னீங்கன்னா கேசு பலமாயிரும்.”

மாமா இரண்டையும் துடைத்தார். “இவனை நான் பாத்ததே இல்லீங்க. இவன்…” என்று நிறுத்தினார். “இவன் என் கூட்டாளி உழுந்து கெடந்தப்ப தண்ணி குடுத்தவனுங்க. யாருக்கும் தெரியாம குடுத்தான்.”

“அதை நான் கேக்கலையே.”

“எழுதிக்குங்க. அப்பத்தான் ரேகை வெப்பேன்.”

“அவன் ஜப்பான்காரனய்யா!”

“அதையும் எழுதிக்குங்க.”

எனக்குக் குதிருக்குள் கோபமான கோபம். பன்னிரண்டு பேரைக் கையில் கொடுத்தால் ஒருவனைத்தான் பிடித்துக் கொடுக்கிறார்! ஒருவனுக்கு வக்காலத்து வேறு! மாமாவுக்கு ஜப்பானைக் கண்டு இன்னும் பயம் என்று முடிவு செய்தேன். அந்த வேகத்தில் மூக்கைப் பிடிக்க மறந்து தும்மிவிட்டேன்.

அம்மா காதைப் பிடித்து என்னை வெளியே எடுத்தாள். தலையெல்லாம் உமி. மாமா அவள் கையை விலக்கினார். “உடுக்கா. பையன் நாயந்தானே பண்ணியிருக்கறான். அவனுக்கு ஆளுதான் தெரியலை.”

ஆபீசர் எழுதியதைப் படித்துக் காட்டினார். தண்ணீர் கொடுத்தவனும் அதில் இருந்தான். மாமா கட்டைவிரலை மையில் தொட்டு ஊன்றினார்.

பிறகு மாமாவைச் சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொன்னார் ஆபீசர். முதுகில் இருந்த தழும்புகளைக் கேமராவில் பிடித்தார். “போதும், சட்டையைப் போட்டுக்குங்க.”

மாமா போட்டுக்கொள்ளவில்லை. திரும்பி நேராக நின்றார்.

“மூஞ்சியையும் எடுங்க சாமி. முதுவு யாருதா வேணா இருக்கும். சொன்னது நாந்தான்னு அடிச்சவனுக்குத் தெரியோணுமில்லீங்களா?”

மாமாவுக்குப் படம் பிடித்துக்கொள்ள எவ்வளவு ஆசை என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. உள்ளே ஓடிப்போய் அம்மாவின் சீப்பை எடுத்து வந்து கொடுத்தேன்.