பவுனம்மா அக்காவின் கல்யாண மணை

இன்று காலை கெடாவில் செமிலிங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில், புத்தம் புது ஒயிட்போர்டின்மேல் ஒரு குட்டிப்பெண் ஏறி உட்கார்ந்துகொண்டாள்!

போன மாதம் நான் போட்ட போஸ்ட்டைப் பார்த்து நீங்கள் அனுப்பிய பொருள்கள்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்ன ஒயிட்போர்டு, மார்க்கர், கலர் பென்சில். ஹாலில் தரையில் உட்கார வைத்துக் கொடுத்தோம்.

இவள் வாங்கினாள், கீழே வைத்தாள், மேலே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர், "ஐயோ, அது எழுதறதுக்குலா. உக்கார்றதுக்கு இல்ல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (தொண்ணூறு வயதாகிறது, கண்ணுக்கு வேறு வேலை என்ன என்று கேட்காதீர்கள்!)

எனக்கும் இப்படி ஒரு பலகை இருந்தது. ஆனால் அது உட்காருவதற்கென்றே செய்தது. அதில் நான் எழுதினேன்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம். இதே செமிலிங்கைத் தாண்டி எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார துரை ஓடிப்போயிருந்தார். அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். கடையில் அரிசி இல்லை, துணி இல்லை, சிலேட்டு மட்டும் இருக்குமா?

என் சிலேட்டு கைதவறி விழுந்து சுக்குநூறாகிவிட்டது.

தரையில் எழுதலாம் என்றால் மழைக்காலம், பள்ளிக் கொட்டகை முழுக்கச் சேறு. எழுத ஒன்றும் இல்லாத பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அம்மாவும் என்னிடம் சொல்லிவிட்டார், சிலேட்டு கிடைக்காவிட்டால் தன்னோடு மரவள்ளித் தோட்டத்துக்கு வர வேண்டியதுதான் என்று. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கிழங்குதான் எங்கள் மூன்று வேளைச் சோறு.

அன்று முழுக்க நான் அழுததைப் பக்கத்து வீட்டுப் பவுனம்மா அக்கா கேட்டிருக்க வேண்டும். லயத்து வீட்டில் நடுவே ஒரு பலகைச் சுவர்தானே!

மறுநாள் ஒரு மணையோடு வந்து நின்றார். அவருடைய செத்துப்போன அம்மா, மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த பலாமர மணை. கோவை இலையையும் அடுப்புக் கரியையும் சேர்த்து அரைத்து, அதன்மேல் தேய்த்துத் தேய்த்துக் கன்னங்கரேலென்று ஆக்கியிருந்தார்.

அதைப் பார்த்த மற்ற வீட்டுப் பெண்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒரு வீட்டிலிருந்து பிஸ்கட் டின் மூடி வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து அரிசிப் பெட்டியின் மூடி. (அரிசியே இல்லை, மூடி எதற்கு!) மரவள்ளி மாவையும் சுண்ணாம்பையும் குழைத்து உருட்டிக் காயவைத்தால் சாக்பீஸ். பசியில் ஒருநாள் கடித்துப் பார்த்து நாக்கு வெந்துபோனது தனிக்கதை.

நின்றுபோன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்தார்கள். காலையில் சூரியனைப் பார்த்து ஜப்பான்காரன் சொன்னபடி ஒரு கும்பிடு, அப்புறம் அவன் எழுத்து, அப்புறம் நம் அ, ஆ. மழைக்காலம் முடிவதற்குள் நான் ஸ, ஷ வராத எந்தப் பெயரையும் எழுதுவேன்.

அப்போதுதான் அக்காவுக்குத் திடீர் கல்யாணம். வயதுப் பெண்களை ஜப்பான்காரன் தூக்கிப் போகிறான் என்று பயந்து அவசரம் அவசரமாகக் கட்டிக்கொடுத்த காலம் அது. மாப்பிள்ளைக்கு ஊர் திகாம் பத்து.

அம்மா மணையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தலையில் சுமந்துகொண்டு போனேன். போனால் புதுச்சிக்கல். மாப்பிள்ளை கட்டியிருந்தது இரவல் வாங்கிய வெள்ளை வேட்டி. இந்தக் கரியில் உட்கார்ந்தால் வேட்டி என்னாவது?

மாப்பிள்ளையின் அத்தை, பால் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து கரியைச் சுரண்டச் சொன்னார். நான் மணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சுரண்டினால் என் பள்ளிக்கூடமே போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

தலைகுனிந்து நின்ற மணப்பெண் நிமிர்ந்தார்.

"சொரண்டாதீங்க. நாங்க செத்த நேரம் ஒக்காந்து எந்திரிச்சிருவோம். அந்தப் புள்ள தெனமும் எழுதணும்."

"மணையில்லாம சாக்குலயா ஒக்காருவீங்க?" என்றார் அத்தை.

"ஊரே சாக்கத்தான் கட்டிக்கிட்டுத் திரியுது. நாங்க ஒக்காந்தா என்னா அத்த?" என்றார் மாப்பிள்ளை. பந்தலே சிரித்துவிட்டது. அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கோணிச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மணை வீணாகவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டு, இரண்டு பேர் பெயரையும் அதில் எழுதி முன்னால் வைக்கச் சொன்னார். (இன்றைக்குக் கல்யாண மேடையில் பெயர் ஒட்டுகிறீர்களே, கெடாவில் அதை ஆரம்பித்து வைத்தது நான்தான்!)

தாலி கட்டி முடிந்தது. அக்கா குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

"அஞ்சல, இதுல எது நானு?"

விரலால் காட்டினேன். மாவு அழியாமல் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

அன்று மாலை திகாம் பத்துக்குப் போனவரை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. ஜப்பான் சண்டை முடிந்து தேடிப்போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அந்த மணையில் எழுதிப் பழகிய நான், ஓய்வுபெறும்வரை ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன்.

இன்றைக்கு வருவோம். போர்டிலிருந்து எழுந்த குட்டிப்பெண், மார்க்கரைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஒங்க பேரு என்னா பாட்டி? எழுதிக் காட்டறேன்."

"பவுனம்மா" என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, போர்டு நிறைய எழுதினாள். ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை.

பொருள் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. போட்டோவில் இருப்பது அந்தப் போர்டுதான்.

இதான்க்கா நீ.